முன்மேசையில் ஒராள்

நான் கடைக்குள் கதிரையில் இருந்து சாப்பிடுகிறவள். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடை. வெள்ளிக்கிழமைகளில், தனியாக, முன்மேசையில். இதைப் பற்றி ஊரில் பேச வேண்டியவர்கள் எல்லாரும் பேசிவிட்டார்கள். நானும் ஒருதரம் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் வங்காலை. வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில், ஒரு நண்டு வாடியில். கடலால் வரும் நண்டைத் தரம் பிரிப்போம், அவிப்போம், ஓட்டை உடைத்துச் சதை எடுத்துப் பெட்டியில் அடுக்குவோம். வெள்ளியில் முஸ்லிம் ஆட்கள் கடல் தொழிலுக்குப் போவதில்லை. நண்டு குறைவு. மத்தியானத்தோடு வாடியைப் பூட்டிவிடுவார்கள். ஞாயிறு எங்களுடைய கத்தோலிக்க ஆட்கள் போவதில்லை, ஆனால் ஞாயிறு பூசைக்கும் வீட்டுக்கும் போய்விடும். எனக்கென்று மிஞ்சுவது வெள்ளி பின்னேரம் ஒன்றுதான்.

என் மனிசனைக் கடல் எடுத்து வருசங்கள். பிள்ளைகள் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு வெள்ளி நல்ல மழை. பஸ் வரவில்லை. பசி. ஜும்ஆத் தொழுகை முடிந்து அப்போதுதான் கடையைத் திறந்திருந்தார்கள். உள்ளே போனேன். கல்லாவில் இருந்த முதலாளி தலையைத் தூக்கி, "என்ன வேணும் அக்கா?" என்று கேட்டார்.

அதுவரை அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. சண்டைக் காலத்தில் அகதி முகாமில் கோப்பையைப் பிடித்தால் எது விழுந்ததோ அது. வீட்டில் மற்றவர்கள் தின்ற பிறகு எது மிஞ்சியதோ அது. வாடியில் குந்தியிருந்து, கட்டிக்கொண்டு போன சோறு. அவர் கேட்டுவிட்டு, மறுமொழிக்காகக் காத்துக்கொண்டும் இருந்தார். அதுவும் புதிது.

"கொத்து றொட்டி," என்றேன். "மாட்டிறைச்சி போட்டது."

"உள்ளுக்குப் போங்கக்கா. பெமிலி ரூம் இருக்கு."

உள்ளே எட்டிப் பார்த்தேன். பலகையால் அடைத்து, பூப்போட்ட சீலை ஒன்றைத் தொங்கவிட்ட இடம். விசிறி இல்லை. மூலையில் வெங்காய மூட்டை, காஸ் சிலிண்டர். முன்பக்கம் பெரிய விசிறி சுற்றியது. வாசலோடு ஒரு சின்ன மேசை, இரண்டு கதிரை, யாரும் இல்லை. அதிலிருந்து பார்த்தால் றோட்டும் பஸ்ஸும் தெரியும். கொத்துப் போடுகிறவரும் தெரிவார்.

"பெமிலி எங்க? நான் ஒராள்," என்றேன்.

சாப்பாடு கொண்டுவருகிற மெலிந்த மனிதர் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை.

"பொம்புளையள் உள்ளுக்குத்தான் இரிக்கிறது."

"உள்ளுக்குக் காத்து இல்லை."

"அப்ப பார்சல் கட்டித் தாறன். வீட்ட போய் ஆறுதலாச் சாப்பிடுங்க."

"பார்சலில கொத்து வேர்க்கும்."

தகட்டில் கொத்திக்கொண்டிருந்தவர் இரண்டு கத்தியையும் நிறுத்தினார். "அது சரி நானா," என்றார். "ஊருக்குப் போய்ச் சேரக்குள்ள களியாப் போயிரும்." திரும்பவும் கொத்தத் தொடங்கினார்.

நான் முன்மேசையில் இருந்துவிட்டேன்.

அந்தக் கடையில், எங்கள் பக்கத்துக் கடைகள் எல்லாவற்றிலும்தான், ஆள் வந்து இருந்தவுடன் கேட்காமலே ஒரு தட்டு வரும். ரோல்ஸ், கட்லட், வடை, சமோசா. தின்றதற்கு மட்டும் காசு. மிச்சம் அப்படியே அடுத்த மேசைக்குப் போகும். அந்தத் தட்டு வந்தால் நீங்கள் கடைக்கு வந்த ஆள். வராவிட்டால் ஒதுங்க வந்த ஆள். முதல் நாள் எனக்குத் தண்ணீர் வந்தது, தட்டு வரவில்லை. கொத்து வந்தது. சுடச்சுட. நான் சமைக்காத ஒன்று, என் முன்னால் ஆவி பறந்தது. பக்கத்து மேசைக்காரர் கதிரையைக் கொஞ்சம் தள்ளி அரக்கினார்.

"நண்டு வாசம் அடிக்குது," என்றார், என்னைப் பார்க்காமல்.

"நண்டு அவிக்கிற கை. தேசிக்காய் போட்டுக் கழுவினனான், போகாது," என்றேன். "உங்கட தட்டில கிடக்கிற இறாலுக்கும் வாசந்தான்."

அவர் இறாலைப் பார்த்தார்.

அடுத்த வெள்ளியும் போனேன். அதற்கடுத்ததும். மூன்றாம் முறையோ நாலாம் முறையோ, நான் இருந்தவுடன் மெலிந்த மனிதர் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். நான் ஒரு ரோல்ஸ் எடுத்தேன். அதோடு அந்த மேசை என் மேசை.

கொத்து, பிறைட் றைஸ், எண்ணெய் வழியும் டெவில் சிக்கன், சோயா சோஸ் கறுப்பாய் ஊற்றின நூடுல்ஸ். எல்லாவற்றையும் தின்று பார்த்தேன். சில நல்லாயிருந்தது. சில இல்லை. நல்லாயில்லாததை நல்லாயில்லை என்று சொல்லியும் இருக்கிறேன். முதலாளியை நான் நானா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். யார் மூத்தது என்று இருவரும் கேட்டதில்லை.

ஊருக்குக் கதை போக நாள் எடுக்கவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தபோது பெண்கள் சிலர் நின்றார்கள்.

"என்ன, கடைச் சாப்பாடு நல்ல ருசியாமே?"

"ருசிதான். வாங்கோ, கூட்டிக்கொண்டு போறன்."

"ஐயோ, எங்களுக்கு வீட்டில அடுப்பு இருக்கு."

"எனக்கும் இருக்கு. வெள்ளியில அதுக்கு ஓய்வு."

ஒருத்தி மட்டும் பின்னால் வந்து, பிறைட் றைஸுக்கு முட்டை முதலில் போடுவார்களோ கடைசியில் போடுவார்களோ என்று மெதுவாகக் கேட்டாள். முதலில் என்றேன்.

பெண்களின் கதை பெரிசில்லை. பெரிசு என் தம்பி.

அவன் எங்கள் கோயில் மூப்பர். ஊரில் ஒரு பிரச்சினை என்றால் அவனிடம்தான் வருவார்கள். மீன் வியாபாரமும் அவனுக்கு. மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போடுவான். நான் இருந்து சாப்பிடுகிற கடைக்கும் அவன்தான் அறக்குளா மீன் கொடுப்பது. வழமையாக விடியப் போடுவான். ஒரு வெள்ளி சுணங்கிப் பின்னேரம் வந்தான். பெட்டியை இறக்கிக்கொண்டு நிமிர்ந்தால், முன்மேசையில் நான், வாய் நிறைய நூடுல்ஸ்.

மீனைக் கொடுத்துவிட்டுப் போனான். இரவுச் செபம் முடிந்த கையோடு வீட்டுக்கு வந்தான். கதிரை கொடுத்தேன். இருக்கவில்லை.

"என்னக்கா இது? சந்தியில, ஆம்பிளையளுக்கு நடுவில, எல்லாரும் பாக்கத் தின்னுறாய்."

"பசிச்சது, தின்னுறன்."

"தம்பிக்காரன் சோறு போடேல்லை எண்டெல்லோ ஊர் சொல்லும்."

"நீ போடுறதில்லைத்தானே. நான் உழைச்சுத் தின்னுறன்."

"அப்ப என்ட வீட்ட வா. வெள்ளியில வந்து சாப்பிடன். ஆர் வேண்டாம் எண்டது?"

"உன்ட வீட்ட வந்தா உன்ட பெண்சாதி அருவாளையும் மீனையும் என்ட கையில தருவா. நான் வெட்டிக் கறி வைச்சுப் போட்டு, நீங்கள் எல்லாரும் திண்ட பிறகு குசினியில இருந்து தின்னோணும்."

அவன் நிலத்தைப் பார்த்தான். பொய் என்று சொல்ல அவனுக்கு ஏலாது.

"பார்சல் எடுத்துக்கொண்டு வாவனக்கா," என்றான். குரல் இறங்கியிருந்தது. "நீ தின்னுறதை ஆர் தடுத்தது? முன்னுக்கு இருக்காதை. அவ்வளவுதான் கேக்கிறன்."

"நான் உடைக்கிற நண்டு சிங்கப்பூருக்குப் போகுதாம். அங்க சீலை விரிச்ச மேசையில வைச்சுத் தின்னுகினமாம். நண்டுக்கு மேசை இருக்கு. எனக்கு இல்லையோ?"

"விசர்க் கதை கதைக்கிறாய்," என்றான். போய்விட்டான்.

அடுத்த வெள்ளி நான் கடைக்குள் காலை வைத்ததுமே முதலாளி கல்லாவை விட்டு எழும்பி வந்தார். மனிதருக்கு முகம் சரியில்லை.

"அக்கா, தம்பி வந்து சொல்லிட்டுப் போறார். உங்கள முன்னுக்கு இருத்தினா இனி மீன் போட மாட்டாராம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்ல? மத்தியானச் சோறு அவர்ட அறக்குளாவிலதான் ஓடுது. பார்சல் கட்டித் தாறன் அக்கா. இறைச்சி கூடப் போட்டுத் தாறன்."

நான் போய் முன்மேசையில் இருந்தேன்.

தட்டு வரவில்லை. தண்ணீரும் வரவில்லை. மெலிந்த மனிதர் என் மேசையைச் சுற்றிக்கொண்டு போனார், வந்தார், என் கண்ணைப் பார்க்கவில்லை. கொத்துச் சத்தம் கேட்டது. மற்ற மேசைகளுக்கு எல்லாம் போனது. நான் பஸ் நேரம் வரைக்கும் றோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு எழும்பிப் போனேன். வீட்டில் பாண் கிடந்தது, சம்பல் அரைத்துத் தின்றேன்.

அதற்கடுத்த வெள்ளியும் போய் இருந்தேன். பசியோடு மற்றவன் தின்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பது லேசில்லை. பார்த்தவர்களுக்கும் அது லேசாக இருக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு லொறிக்காரர் பாதி றொட்டியை வைத்துவிட்டு எழும்பிப் போனார். எழும்பச் சொல்ல முதலாளிக்கு வாய் வரவில்லை. எழும்ப எனக்கு மனம் வரவில்லை. எனக்கு ஒன்றும் வைக்காததால் தம்பியும் மீனை நிறுத்தவில்லை. இப்படியே சில கிழமை போனது.

பிறகு நோன்பு வந்தது. அந்த முறை அவர்களுடைய நோன்பும் எங்களுடைய தவக்காலமும் ஒரே கிழமையில் தொடங்கின. பகலில் கடை பூட்டு. பின்னேரம், நோன்பு திறக்கிற நேரத்துக்குத்தான் கதவைத் திறப்பார்கள். தவக்காலத்து வெள்ளி எங்களுக்குச் சுத்தபோசனம். இறைச்சி வாயில் வைக்கக் கூடாது. ஒரு நேரம் மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தியும் நான் பிடிக்கிறவள். காலையில் தேத்தண்ணியோடு சரி. வாடி பூட்டின பிறகு பஸ் நிலையத்து வாங்கிலேயே இருந்தேன். வெயில் தாழும் வரைக்கும் இருந்தேன். கடைக் கதவு திறந்த சத்தம் கேட்டதும் எழும்பிப் போனேன்.

கடை நிறைய ஆம்பிளைகள். தொப்பி போட்டவர்கள், கடையடைத்து வந்தவர்கள், பஸ் ஓட்டுகிறவர்கள். ஒவ்வொருவர் முன்னாலும் பேரீச்சம்பழம், கோப்பையில் கஞ்சி. ஒருவரும் தொடவில்லை. பள்ளிவாசல் பாங்குக்காகக் காத்துக்கொண்டு இருந்தார்கள். நான் வாசலில் நின்றதும் எல்லா முகமும் திரும்பியது. முன்மேசை மட்டும் வெறுமையாக இருந்தது. இருந்தேன்.

யாரோ முதலாளியைப் பார்த்துச் சொன்னார்: "என்ன நானா, இந்த நேரத்திலயும் வந்திட்டா?"

முதலாளி குசினிப் பக்கம் போனார். நான் நினைத்தேன், இன்றைக்கு எழுப்பப் போகிறார் என்று. என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு இருந்தேன். அவர் இரண்டு கையாலும் மூடியோடு ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு வந்தார். என் முன்னால் வைத்தார். பேரீச்சம்பழம் வைத்தார். தண்ணீர் ஊற்றினார்.

"இதில இறைச்சி இல்லையக்கா," என்றார். "இண்டைக்கி உங்கட ஆக்களுக்குச் சுத்தபோசனம் எல்லோ. வேற சட்டியில காய்ச்சினது. இறால் மட்டுந்தான் கிடக்கு."

அதை அப்போதுதான் காய்ச்சியிருக்க ஏலாது. நான் வருவேன் என்று மத்தியானமே தெரிந்திருக்கிறது அவருக்கு.

"தம்பி மீன் தரமாட்டானே?"

"நோன்பு திறக்கிற நேரம் கடைக்குள்ள இரிக்கிற ஆள் எனக்கு விருந்தாளி. விருந்தாளிய எழுப்பி மீன் வாங்க ஏலாது." பிறகு கொஞ்சம் சத்தமாக, எல்லாருக்கும் கேட்க, "மீன் கடல்ல கிடக்கு," என்றார்.

நானும் கோப்பையைத் தொடாமல் இருந்தேன். மற்றவர்கள் காத்திருக்கும்போது நான் தின்னக் கூடாது. அந்த அளவு எனக்கும் தெரியும்.

அப்போதுதான் மோட்டார் சைக்கிள் சத்தம். தம்பி. சனிக்கிழமைக்கு எவ்வளவு மீன் வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறான். வாசலில் என்னைக் கண்டான். நேரே வந்து மேசையில் கையை ஊன்றினான்.

"எழும்பக்கா. எழும்பு. இவங்கட நோன்புக்குள்ளயும் வந்து எங்களை..."

பாங்கு கேட்டது.

கடை முழுக்க ஒரே நேரத்தில் கைகள் பேரீச்சம்பழத்துக்குப் போயின. உதடுகள் அசைந்தன. பிறகு கரண்டிச் சத்தம். தம்பி சொல்ல வந்தது பாதியில் நின்றது. அந்த நேரத்தில் சத்தம் போட அவனுக்கும் மனம் வராது. முதலாளி வாயில் பழத்தோடு எதிர்க் கதிரையை இழுத்துப் போட்டு, கையைக் காட்டினார்.

"இரிங்க. நோன்பு திறக்கிற நேரம் நிக்கக் கூடாது."

தம்பி இருந்தான். வேறு வழி இல்லை.

இருந்தவனுக்கு முன்னால் மெலிந்த மனிதர் ஒரு கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தார். யார் வந்து இருந்தாலும் வைப்பதுபோல. ஆட்டிறைச்சி மணம் எழும்பியது. கொழுப்பு மேலே மினுங்கியது. தம்பியும் ஒருசந்தி. பிடித்துத்தான் இருப்பான், மூப்பர் எல்லோ. கரண்டியைத் தொட்டவன், கையை எடுத்தான். மடியில் வைத்தான்.

முதலாளி கண்டுவிட்டார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "யா அல்லாஹ், அது இறைச்சிக் கஞ்சி! சுத்தபோசனக்காரருக்குக் கொண்டுவந்து வெச்சிட்டான். இறைச்சி போடாதது அக்காட ஒண்டுதானே காய்ச்சினன்."

தம்பி என் கோப்பையைப் பார்த்தான். சின்ன வயதில் இருந்து அப்படித்தான் பார்ப்பான். பார்த்தால் நான் தள்ளிவிடுவேன். மீன் துண்டு, முட்டை, எது என்றாலும்.

கரண்டியை எடுத்தேன்.

"இது எனக்குக் காய்ச்சினது," என்றேன்.

பக்கத்து மேசையில் ஒருவருக்குப் புரைக்கேறிவிட்டது. சிரிப்பை அடக்கப் பார்த்திருக்கிறார். இன்னொருவர் அவருடைய முதுகில் தட்டினார். தம்பிக்கு முதலாளி வெறும் தேத்தண்ணியும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து வைத்தார். தம்பி ஒரு பழம் எடுத்தான். கொட்டையை நெடுநேரம் வாயில் வைத்திருந்தான்.

கஞ்சி நல்ல சூடு. இஞ்சி, றம்பை இலை, தேங்காய்ப்பால். இறால் பெரிசாகக் கிடந்தது. நான் அவசரப்படவில்லை. எல்லாரும் தின்றுகொண்டிருக்கும்போது எழும்பிப் போனால் கடைக்காரரை அவமதித்தது போலாகும், தம்பிக்கு அது தெரியும். அதனால் அவன் இருந்தான். எங்கள் வீட்டில் அவன் சாப்பிட நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன், தண்ணீர்ச் செம்போடு. நான் சாப்பிட அவன் பார்த்துக்கொண்டு இருந்தது அன்றைக்குத்தான்.

"ஊருக்கு நான் என்னண்டு சொல்லுறது?" என்றான், குனிந்துகொண்டு.

"தம்பியோட இருந்து சாப்பிட்டவ எண்டு சொல்லு."

"நான் எங்க சாப்பிட்டனான்?"

"அது உன்ட பாடு."

அவனுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது என்று நினைக்கிறேன். வாயின் ஒரு பக்கம் அசைந்தது. பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டான். ஆட்கள் மஃரிப் தொழுகைக்கு எழும்பத் தொடங்கியதும் அவனும் எழும்பினான். ஏறு, கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்வான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் பாலத்துப் பக்கம் போனது. நான் கோப்பையை வழித்துத் தின்றுவிட்டுப் பஸ்ஸில் போனேன்.

சொன்னபடியே மீனை நிறுத்திவிட்டான். நானா இப்போது தூர ஊரான அரிப்பில் இருந்து மீன் எடுக்கிறார். வந்து சேர நேரமாகிறது, சில நாளில் மீன் கறி இல்லாமல் கடை ஓடுகிறது. என்னிடம் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் கேட்டது ஒரு கதிரை. மீனை நிறுத்தியது நான் இல்லை.

தம்பி என்னோடு கதைப்பதில்லை. பாஸ்குத் திருநாளுக்கும் வீட்டுக்கு வரவில்லை. கோயிலில் அவன் முன்வாங்கில், நான் நடுவில். அவனுடைய பிடரி மட்டும் தெரிகிறது. நரைத்துவிட்டது. எனக்கு நோகாமல் இல்லை. நான் தூக்கி வளர்த்தவன். நொந்தாலும் போகிறேன். அவன் திரும்பிக் கதைக்கிற நாள் வந்தாலும் போவேன். விடு என்று கெஞ்சினாலும் போவேன். வேண்டுமென்றால் எதிர்க் கதிரையில் வந்து இருக்கட்டும். தனக்கு என்ன வேண்டும் என்று தானே சொல்லி எடுக்கட்டும்.

நாளைக்கு வெள்ளி. கணவாய் பிறைட் றைஸ் புதிதாகப் போடுகிறார்களாம். அதைச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.